விளையாட்டுப் படையும் பொய்ச் சாட்சியும்





சென்ற ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு, சிறுவயதில் எங்கள் மத்ரஸாவில் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் மடிக்கணினியுடன் என்னைக் காண வந்தார். இப்போது பொறியியல் பயில்கிறார். கணினி விளையாட்டு ஒன்றுக்குப் புதிய படையணி உருவாக்கி வருவதாகவும், அதற்குச் சில அரபுப் பெயர்கள் வேண்டும் என்றும் சொன்னார். "எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது, ஹஜ்ரத். நீங்கள் பார்த்துத் தர வேண்டும்" என்பதே அவரது கோரிக்கை.

திரையைப் பார்த்தேன். அணியின் பெயர் 'பாலைவன சுல்தானகம்'. முகத்தை மூடி முதுகில் குத்தும் கொலையாளிகள் ஒரு வகை. விளக்கில் அடைக்கப்பட்டு, காசு கொடுத்தால் வெளிவரும் ஜின்கள் மற்றொரு வகை. எதிரியை மயக்கும் நடனப் பெண்கள் இன்னொரு வகை. இவர்கள் அனைவருக்கும் தலைவனாக, கூர்ந்த தாடியும் வஞ்சகப் பார்வையும் கொண்ட ஓர் அமைச்சன். அவன் பெயர் ஜாஃபர்.

"இதற்காகவா உனக்கு ஓதிக் கொடுத்தேன்? மூடி வை" என்றேன். அவர் முகம் வாடிற்று. கொண்டுவந்து வைத்த தேநீரைக் குடிக்காமலே விடைபெற்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் கோபித்தேனே தவிர, எது தவறு என்று சொல்லவில்லை. விளையாட்டே ஹராம் என்று நான் தீர்ப்பளித்ததாக அவர் எண்ணியிருப்பார். நான் வெகுண்டதோ வேறொன்றுக்கு. மறுநாள் ஆளனுப்பி அவரை வரவழைத்தேன். அவரிடம் சொன்னதையும், என்னைப் போன்ற உஸ்தாதுகளிடம் சொல்ல வேண்டியதையும் இங்கே எழுதுகிறேன்.

இது என்ன விளையாட்டு?

அறியாத பெரியவர்களுக்காகச் சில வரிகள். சதுரங்கத்தைப் போல் இருவரும் மாறி மாறிக் காய் நகர்த்தும் போர்த்தந்திர விளையாட்டுகள் உண்டு. களம் ஒரு கற்பனை உலகம். மனிதர், குள்ளர், வன மக்கள், பறவை நாகங்கள் எனப் பல அணிகள். இளைஞர்கள் இவற்றை 'ஃபேக்ஷன்' என்பர். ஒவ்வொன்றுக்கும் தனி வீரர்கள், தனி வலிமை, தனிக் குறை. 1999 இல் வெளிவந்த 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3' இவ்வகையில் பெரும் புகழ் பெற்றது. அதை உருவாக்கிய அமெரிக்க நிறுவனம் மூடப்பட்டு இருபது ஆண்டுகள் கடந்தும் ரசிகர்கள் அதைக் கைவிடவில்லை. 'ஹார்ன் ஆஃப் தி அபிஸ்' என்னும் விரிவாக்கத்தை ரசிகர் குழு ஒன்று தானே உருவாக்கி, 2011 இன் இறுதியில் கடற்கொள்ளையர் அணியொன்றைச் சேர்த்தது. பல ஆண்டுகள் உழைத்து, இயந்திரங்களை நம்பி வாழும் மற்றோர் அணியையும் பின்னர் சேர்த்தது.

என் மாணவர் எடுத்துக்கொண்டது 'பேட்டில் ஃபார் வெஸ்னாத்'. 2003 இல் டேவிட் ஒயிட் என்பவர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. விலை இல்லை. உரைக் கோப்புகளை எழுதத் தெரிந்த எவரும் தம் அணியை அதில் சேர்த்து உலகுக்கு அளிக்கலாம். முதலாளி இல்லை, விற்பனை நெருக்கடி இல்லை. ஆகவே, 'மேலிடம் சொல்லிற்று, செய்தேன்' என்று எவரும் சொல்ல முடியாது. அணியில் உள்ள ஒவ்வொரு கோடும் அதை வரைந்தவரின் சொந்தத் தேர்வு.

அணி வரைதல் ஒரு சாட்சியம்

என் வாதம் இதுதான்: ஓர் அணியை வடிவமைப்பவர் ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றிச் சாட்சி சொல்கிறார்.

வெஸ்னாத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் விலை குறிக்க வேண்டும். உயிர்வலிமை எத்தனை, காட்டில் எவ்வளவு பாதுகாப்பு, நெருப்பை எவ்வளவு தாங்குவான் என்றெல்லாம் எண்களால் எழுத வேண்டும். இயல்பையும் குறிக்க வேண்டும். 'ஒழுங்குடையோர்' பகலில் 25 சதவீதம் கூடுதலாகத் தாக்குவர், இரவில் அதே அளவு குன்றுவர். 'ஒழுங்கற்றோர்' இதற்கு நேர்மாறு. ஓர் இனத்தை வகுப்பவர், 'இவர்கள் பகலின் மக்களா, இரவின் மக்களா?' என்னும் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை எழுதிவிடலாம். ஓர்க்குகளைப் பற்றி எழுதும்போது இதனால் எவருக்கும் நோவில்லை, ஏனெனில் ஓர்க்குகள் உலகில் இல்லை. ஆனால் தலைப்பாகை, பிறைவாள், அரபுப் பெயர், பள்ளிவாசல் கோபுரம் ஆகியவற்றை வைத்தவுடன், பார்ப்பவர் கண்ணில் ஓர் உண்மைச் சமூகம் வந்து நிற்கிறது. அப்போது எழுதப்படும் எண்கள் அந்தச் சமூகத்தின் மீது எழுதப்படும் எண்கள்.

பொய்ச் சாட்சியம் பெரும் பாவங்களில் ஒன்று என்று சிறுவயதிலேயே நாம் ஓதியிருக்கிறோம். நீதிமன்றக் கூண்டில் நின்றால்தான் சாட்சியா?

ஜாஃபர் யார்?

என் மாணவரிடம் கேட்டேன்: "தம்பி, இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?" "எல்லா விளையாட்டிலும் அமைச்சன் பெயர் அதுதானே, ஹஜ்ரத்" என்றார். உண்மைதான். 1940 இல் வந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' திரைப்படத்தில் வஞ்சக அமைச்சன் பெயர் ஜாஃபர். 1989 இன் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' விளையாட்டிலும் அவனே. 1992 இல் டிஸ்னியின் 'அலாவுதீன்' படத்திலும் அவனே. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினர். ஆயிரத்தொரு இரவுக் கதைகளிலோ, அமைச்சர் ஜஅஃபர் கலீஃபா ஹாரூன் ரஷீதுடன் மாறுவேடத்தில் இரவு உலா போகும் நம்பிக்கைக்குரிய துணைவர். வரலாற்றில் அந்த ஜஅஃபர் பர்மகீ, தம் கலீஃபாவாலேயே 803 இல் கொல்லப்பட்டவர். கதையிலும் வரலாற்றிலும் வேறாக இருந்தவரைத் திரைப்படம் வில்லனாக்கிற்று.

நமக்கோ ஜஅஃபர் என்றவுடன் நினைவுக்கு வர வேண்டியவர் இன்னொருவர். நபி (ஸல்) அவர்களின் பெரிய தந்தையார் மகன் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி). அபிசீனியாவின் நஜாஷி மன்னர் அவையில் அகதிகளின் சார்பில் எழுந்து பேசியவர். ஹிஜ்ரி 8 இல் மூத்தாப் போர்க்களத்தில் இரு கைகளையும் இழந்து ஷஹீதானவர். சுவனத்தில் இரு சிறகுகளுடன் பறப்பவர் என்று நபி (ஸல்) அவர்களால் சொல்லப்பட்டவர். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை வைப்பது அவரை எண்ணியே. அந்தப் பெயரை ஒரு நயவஞ்சகனுக்குச் சூட்டிவிட்டு, எழுத்துப் பிழை திருத்த என்னிடம் வந்திருக்கிறார் என் மாணவர்! பெயரின் எழுத்து சரியாகத்தான் இருந்தது.

விளக்கில் அடைபட்ட ஜின்னின் கதையும் இத்தகையதே. அலாவுதீன் கதை, கல்லான் என்ற பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளருக்கு 1709 இல் பாரிஸ் நகரில் ஹலபைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்னும் கிறிஸ்தவர் வாய்மொழியாகச் சொன்னது. கல்லானிடம் இருந்த அரபுச் சுவடியில் அது இல்லை. கதை நடக்கும் இடமாகச் சொல்லப்படுவதும் அரபகம் இல்லை, சீனம். இன்று முஸ்லிம்களின் அடையாளம் என உலகம் அறிவது இதைத்தான். நம் பிள்ளைகளும் இதையே நம் மரபு என்று எண்ணி எடுத்துக்கொள்கின்றனர்.

'ஹீரோஸ்' விளையாட்டில் இஃப்ரீத்துகள் நரக நகரின் படைவீரர்கள். ஜின்கள் மந்திரவாதிகளின் கோபுரத்தில் தங்கத்துக்குக் கிடைப்பவர்கள். இரண்டும் ஒன்றையொன்று வெறுப்பதாகவும் விதி. அதை வடிவமைத்தவர்களுக்கு ஜின் ஒரு தேவதைக் கதை. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. நமக்கோ ஜின் என்பது மறைவானவற்றைச் சார்ந்த நம்பிக்கை. நம்மைப் போலவே இறைவணக்கத்துக்காகப் படைக்கப்பட்டு, நம்மைப் போலவே கேள்விகணக்குக்கு உள்ளாகும் படைப்பு. அவர்களில் நல்லோரும் உண்டு, அல்லாதோரும் உண்டு என்று அவர்கள் பெயரால் அமைந்த சூராவே சொல்கிறது. நெருப்பால் ஆன ஓர் உயிரினம் உன் அணிக்கு வேண்டுமா? தாராளமாகக் கற்பனை செய். அதற்கு நீயே ஒரு பெயர் வை. ஈமானில் உள்ள பெயரை எடுத்து விலைப்பட்டியலில் எழுதாதே.

'கிலாஃபத்' அணியும் மணல் மக்களும்

வெஸ்னாத்திலேயே இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 2014 இல் வந்த 1.12 பதிப்பில், 'கலிஃபேட்' என்னும் கூடுதல் அணி இடம்பெற்றிருந்தது. வீரர்களுக்கு அரபுப் பெயர்கள்: குதிரை வீரன் கய்யால், மருத்துவன் ஹகீம், எரியெண்ணெய் வீசுபவன் நஃப்ஃபாத். 2018 இன் 1.14 பதிப்பில் அந்த அணி 'டியூன்ஃபோக்', அதாவது மணல்மேட்டு மக்கள் ஆயிற்று. ஹகீம் 'மூலிகைக்காரர்' ஆனார், நஃப்ஃபாத் 'எரிப்பவர்' ஆனார்.

இதைச் சொன்னவுடன், "பார்த்தீர்களா, நம் பெயர்களை நீக்கிவிட்டார்கள்" என்று குமுறும் சகோதரர்கள் உண்டு. நான் அவர்களோடு சேர மாட்டேன். கிலாஃபத் என்பது ஓர் அமானிதத்தின் பெயர். நபித்தோழர்கள் அழுதுகொண்டே சுமந்த பொறுப்பு. ஓர்க்குகளுக்கும் எலும்புக்கூட்டுப் படைகளுக்கும் நடுவே, ஒரு மக்கள் இனத்தின் பெயராக அது நின்றது முறையன்று. நீக்கியது நல்லது. நம்மில் ஒருவர் முன்பே எழுந்து பணிவோடு கேட்டிருக்க வேண்டிய மாற்றம் அது.

ஆயினும் வந்து சேர்ந்த பெயரிலும் எனக்கு மனநிறைவு இல்லை. நஃப்ஃபாத் என்பது வெறும் ஒலியா? அப்பாஸியப் படையில் எரியெண்ணெய்ப் பிரிவினருக்கு வழங்கிய உண்மைப் பெயர் அது. ஹகீம் என்ற ஒரு சொல்லுக்குள் பக்தாதின், திமிஷ்கின், கெய்ரோவின் மருத்துவமனைகள் இருக்கின்றன. எல்லாம் போய் எஞ்சியது மணல். மார்க்கத்தின் பெயரை நீக்குவது மரியாதை. நாகரிகத்தின் நினைவையும் சேர்த்து நீக்கினால், மீண்டும் பாலைவனமும் ஒட்டகமுமே நாம் என்றாகிவிடும். ஒன்றைச் சொல்ல வேண்டும்: பகலுக்கும் இரவுக்கும் இடைப்பட்ட அந்தியில் சிறந்து போரிடுவோர் என்னும் இயல்பை அந்த அணியினர் சிலருக்கு அளித்திருந்தனர். மக்களைப் பகல், இரவு என்று மட்டும் பார்க்காமல் யோசித்த கை அது. அந்த நுண்மையை நான் பாராட்டுகிறேன். அந்நியர் இவ்வளவு உழைத்திருக்க, நம் பிள்ளை கொண்டுவந்தது விளக்கும் ஜின்னும்!

அடுத்த கோப்பு

உரையாடலின் நடுவே மாணவர் அடுத்த கோப்பைத் திறந்தார். சுல்தானகத்தின் எதிரணி அது. 'மலைக்குடிகள்'. எலும்பு மாலை, கரிய உடல், மந்த புத்தி. இரவில் மட்டும் வலிமை. விலையோ மிக மலிவு. கூட்டமாக வாங்கிச் சாகவிடலாம் என்று குறிப்பும் எழுதியிருந்தார்.

"இவர்கள் யாரைப் போன்றவர்கள், தம்பி?" என்று கேட்டேன். நெடுநேரம் விடை இல்லை. பின், "ஏதோ பழைய சினிமாவில் பார்த்தது, ஹஜ்ரத்" என்றார்.

நம்மைத் திருடராகவும் கொலைகாரராகவும் காட்டும் படங்களைக் கண்டு நாம் கொதிக்கிறோம். நியாயமான கொதிப்பு. ஆனால் நம் கைக்குத் தூரிகை வந்தவுடன், நம்மினும் எளியவர் மீது அதே சாயத்தைப் பூசுகிறோம். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை இழிவாக எண்ணிப் பரிகசிக்க வேண்டாம், அவர்கள் இவர்களினும் மேலானவர்களாக இருக்கக்கூடும் என்ற கருத்தை ஹுஜுராத் சூராவில் ஓதியவர்தான் அந்த மாணவர். என்னிடமே ஓதியவர். அவருக்கு எழுத்தைக் கற்பித்தேன், பொருளைக் கையில் கொடுக்கத் தவறினேன். அவரது பிழையில் என் பங்கு அது.

இரு மறுப்புகள்

"வெறும் விளையாட்டுத்தானே?" என்பது முதல் மறுப்பு. வெறும் விளையாட்டு என்றால் எண்களை ஏன் இவ்வளவு கவனமாக எழுதுகிறாய்? ஒரு வீரனின் விலை ஒரு தங்கம் கூடினால் சமநிலை கெடும் என்று இரவெல்லாம் விழித்துச் சோதிக்கிறாயே! வாளின் கூர்மைக்குச் செலுத்தும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கை மனிதரின் மானத்துக்குச் செலுத்து என்கிறேன்.

இரண்டாவது மறுப்பு என் தோழர்களான ஆலிம்களிடமிருந்து வருவது: "இதெல்லாம் வீண். கற்பனை மிருகங்களைப் பற்றி ஓர் உஸ்தாத் எழுதலாமா?" அவர்களுக்கு அபூதாவூதில் உள்ள ஒரு செய்தியை நினைவூட்டுகிறேன். ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே, துணியால் ஆன இரு சிறகுகளுடன் ஒரு குதிரை இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரலி) திருப்பிக் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். சிறகுள்ள குதிரையைக் கண்டு சிரித்த நபியின் உம்மத்தில், கற்பனை என்றாலே முகம் சுளிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

தொழுகை தவறக் கூடாது, சூதாட்டம் கலக்கக் கூடாது, இணைவைப்பைப் போற்றக் கூடாது, பெற்றோர் கடமையும் கல்வியும் கெடக் கூடாது. இந்த எல்லைகளில் எனக்கு ஐயமில்லை. நபிமார்களையும் நபித்தோழர்களையும் விளையாட்டுக் காய்களாக்குவதையும் நான் ஏற்க மாட்டேன். எல்லைக்குள் நிற்கும் பிள்ளையையும் விரட்டினால், அவன் விளையாட்டை விட மாட்டான், நம்மிடம் வருவதைத்தான் விடுவான். அன்று அந்த மாணவர் தேநீர் குடிக்காமல் எழுந்து போனபோது, அவர் திரும்பி வராமலே போயிருக்கலாம்.

எதை வரையலாம்?

குறை சொல்வதோடு நிறுத்தினால் நான் பாதி வேலையே செய்தவனாவேன்.

இயந்திர அணி வேண்டுமா? அல்ஜஸரீ 1206 இல் எழுதி முடித்த நூலில் யானைக் கடிகாரம் இருக்கிறது. யானையின் வயிற்றுக்குள் நீர், அதில் மெல்ல அமிழும் கிண்ணம், மேலே பறவையும் நாகங்களும் இயங்கி மணி அறிவிக்கும் ஏற்பாடு. எந்தக் கற்பனை உலகத்துக்கும் இது சளைத்ததன்று.

கடல் அணி வேண்டுமா? விண்மீன்களைக் கொண்டு இந்தியப் பெருங்கடலில் வழி கண்ட இப்னு மாஜித், பதினைந்தாம் நூற்றாண்டில் மாலுமிகளுக்காகப் பெருநூல் எழுதினார். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களைப் போர்ச்சுகீசியர் கடற்கொள்ளையர் என்றே எழுதினர். நான்காம் குஞ்ஞாலியை 1600 இல் கோவாவில் கொன்றனர். ஒருவரின் தளபதி மற்றவரின் கொள்ளையன். கொள்ளையர் அணியை வரையும் முன், அந்தச் சொல்லை முதலில் சொன்னவர் யார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாவற்றினும் மேலாக, ஓர் அணியின் ஒழுக்கத்தையே அதன் விதியாக்கலாம். ஷாம் நோக்கிச் சென்ற படைக்கு அபூபக்ர் (ரலி) அவர்கள் இட்ட கட்டளைகள் முவத்தாவில் உள்ளன. பெண்கள், குழந்தைகள், முதியோர் ஆகியோரைக் கொல்லக் கூடாது. கனி தரும் மரங்களை வெட்டக் கூடாது. குடியிருப்புகளைப் பாழாக்கக் கூடாது. வெஸ்னாத்தில் காயம்பட்ட வீரன் கிராமத்தில் ஒதுங்கினால் குணமடைவான். அங்கே அவனை முற்றுகையிட்டுக் கொல்வது எல்லாரும் கையாளும் தந்திரம். அவனைத் தாக்காத ஓர் அணியை உன்னால் எழுத முடியுமா என்று மாணவரிடம் கேட்டேன். பெயரில் அரபு வேண்டாம், கோபுரம் வேண்டாம், பிறை வேண்டாம். அந்த ஒரு விதி போதும்.

அவர் சற்று யோசித்துச் சொன்னார்: "அப்படி வைத்தால் தோற்றுவிடுவார்கள், ஹஜ்ரத்."

"அப்படியானால் வேறிடத்தில் வலிமை கொடு. குறையும் வலிமையும் சமன் செய்வதுதானே உன் கலை?" என்றேன்.

இப்போது அமைச்சனின் பெயர் மாறிவிட்டது. நடனப் பெண்களும் விளக்கு ஜின்களும் இல்லை. மலைக்குடிகளின் கோப்பை அவர் முதலிலிருந்து எழுதுகிறார். மலைவாழ் மக்களைப் பற்றிப் படிக்க இரண்டு நூல்களைக் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறார். காயம்பட்டவனைத் தாக்காத விதியை மட்டும் அவர் இன்னும் ஏற்கவில்லை. நான்கு முறை சோதித்தாராம், நான்கு முறையும் அந்த அணி தோற்றதாம். ஐந்தாம் முறை சோதிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை திரையில் ஒரு படையை வரைந்துகொண்டிருந்தால், மூடு என்று சொல்லும் முன் அருகில் அமர்ந்து, 'இவர்கள் யார்? இவர்களை ஏன் இப்படிப் படைத்தாய்?' என்று கேளுங்கள். இளைஞர்களே, அந்தக் கேள்வியை எவரும் கேட்கக் காத்திராமல் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாம் நேசிப்போரைப் பற்றியும் நேசிக்காதோரைப் பற்றியும் நீதியாகச் சாட்சி சொல்வோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. நாம் வரையும் கோட்டிலும் எழுதும் எண்ணிலும் அநீதி கலவாமல் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.